கன்னத்தில் அறைந்து சிவக்க வைக்கும் முகம்

தெஹ்ரானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புனேயில் படிக்கும்போது பழகிய ஈரானியரைக் கல்யாணம் செய்துகொண்டு ஒன்பது வருடமாக அங்கே, மாமியார் வீட்டு மாடியிலேயே வாடகைக்குக் குடியிருக்கிறார். ஏழு வயதில் ஒரு மகள். நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"இந்த வீட்டில் யாருமே உண்மை பேசுவதில்லை மேடம். பிடிக்காத விருந்தாளியிடம் மாமியார் இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சுகிறார், கதவைச் சாத்தியதும் திட்டுகிறார். அவருடைய அண்ணன் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்துபோனதை மூன்று வாரம் அவரிடமே மறைத்தார்கள், போன் வந்தால் சமாளிக்கும் வேலை என் தலையில். வீட்டில் டிஷ் இருக்கிறதா என்று பள்ளியில் கேட்டால் இல்லை என்று சொல்லச் சொல்லிப் பாட்டி பேத்திக்குப் பயிற்சி கொடுக்கிறார். கடைக்காரர் உள்ளே எண்ணெயை வைத்துக்கொண்டே இல்லை என்கிறார். என் கணவருக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பதே எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. நேற்று மகள் பல் தேய்க்காமலே தேய்த்துவிட்டேன் என்று என் கண்ணைப் பார்த்துச் சொல்கிறாள். பொய் இவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா? என் மகளை எப்படிக் காப்பாற்றுவது? திருநெல்வேலியில் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, கவலைப்படுவார்கள்."

சகோதரி, முதலில் சின்ன விஷயம். பல் தேய்க்காமல் தேய்த்தேன் என்று சொல்வது ஈரானியப் பண்பாடு இல்லை, ஏழு வயதுப் பண்பாடு. என் மகன் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவன், பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து வைத்துவிட்டு வருவான். அதை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மற்றதைப் பேசலாம். நானும் தெஹ்ரானில் குடும்பம் நடத்தியிருக்கிறேன். 2003 முதல் 2006 வரை என் கணவருக்கு அங்கே வேலை, எனக்கு அரைகுறைப் பாரசீகம். போன புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள் டீக்குக் கூப்பிட்டார். அலமாரியில் நீல நிற மெருகு போட்ட ஒரு சின்னக் கிண்ணம், உள்ளங்கையில் அடங்கும், விளிம்பில் ஒரு மயிரிழை விரிசல். ரொம்ப அழகாக இருக்கிறது என்றேன். "பீஷ்கெஷ்" என்றார், உங்களுக்கே காணிக்கை என்று அர்த்தம். நான் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன், அவர் மறுபடி சொன்னார், சரி அன்பாகக் கொடுக்கிறாரே என்று வாங்கிக்கொண்டு வந்து எங்கள் ஜன்னலில் வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து மேல் வீட்டுப் பெண் சிரிப்பை அடக்கமுடியாமல் விஷயத்தைச் சொன்னாள்: அது அந்த அம்மாளின் பாட்டி வைத்திருந்தது, பீஷ்கெஷ் என்றால் நன்றி, உங்களிடமே இருக்கட்டும், அதுதான் அழகு என்று பதில் சொல்ல வேண்டும், வாங்கிக்கொண்டு போகக்கூடாது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரும் வழக்கம் நமக்கு இல்லையே, சேமியா பாயசம் வைத்து அதில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர் இரண்டு முறை மறுத்தார், அது உங்களுடையது, என்ன இது என்று கோபித்தும் கொண்டார். மூன்றாம் முறை நீட்டியபோது வாங்கிக்கொண்டார், அப்போது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த அம்மாள் என்னிடம் பொய் சொன்னாரா? அவருடைய மொழியில் இல்லை. நான்தான் இலக்கணம் தெரியாமல் ஒரு வாக்கியத்தை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டேன். தஆரோஃப் என்கிற இந்த உபசாரப் பேச்சு ஒன்பது வருடத்தில் உங்களுக்குப் பழகியிருக்கும், ஆனால் பழகுவதும் மன்னிப்பதும் வேறு. டாக்ஸிக்காரர் "காபெல் நதாரே" (உங்களுக்கு முன் இந்தக் காசெல்லாம் ஒரு பொருட்டா) என்பார், நீங்களும் காசை நீட்டுவீர்கள், அவரும் வாங்குவார், அவர் இலவசமாக ஓட்டுகிறார் என்று இரண்டு பேரில் ஒருவர்கூட நினைக்கவில்லை. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் ஒன்றுபோல் தெரிந்திருக்கும் விஷயத்தில் ஏமாற்று எங்கே வந்தது? மாமியார் இருங்கள் என்று கெஞ்சியபோது அந்த விருந்தாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாரா? வந்திருக்க மாட்டார். நாம் சொந்தக்காரர் வீட்டில் பசியோடு உட்கார்ந்துகொண்டு இப்போதுதான் சாப்பிட்டேன் என்பதும், அவர்கள் அதை நம்பாமல் இலை போடுவதும் இதே ரகம். மாமியார் கதவைச் சாத்திய பிறகு திட்டுகிறாரே, அது தஆரோஃபின் குற்றம் இல்லை, அது மாமியாரின் சுபாவம்.

ரத்தத்தில் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இந்தக் கேள்விக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு, அதைக் கேட்டால் அந்த வார்த்தையை இனிமேல் நீங்களே எழுத மாட்டீர்கள். கிமு ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் பாரசீக ராஜா முதலாம் டேரியஸ் கெர்மான்ஷா பக்கம் பிஸோதூன் மலைப்பாறையில் மூன்று மொழியில் வெட்டிவைத்த கல்வெட்டில், தன்னை எதிர்த்தவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் போட்டு இவன் பொய் சொன்னான், இவன் பொய் சொன்னான் என்றுதான் அடுக்கிக்கொண்டு போகிறான். பெர்ஸப்போலிஸ் கல்வெட்டொன்றில் எதிரிப் படை, பஞ்சம், பொய் மூன்றிலிருந்தும் என் நாட்டைக் காப்பாற்று என்று கடவுளிடம் கேட்கிறான். பாரசீகர்கள் பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலிருந்து இருபது வயதுவரை குதிரையேற்றம், வில்வித்தை, உண்மை பேசுதல் மூன்றை மட்டும் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். (டேரியஸ் ராஜா ஆன கதையே ஜோடனையாக இருக்கலாம் என்று சந்தேகப்படும் வரலாற்று ஆசிரியர்கள் பலர் உண்டு, அது வேறு.) எப்படியோ, அந்தக் காலத்தில் பாரசீகன் என்றால் உண்மை பேசுகிறவன் என்று வெளிநாட்டுக்காரன் நம்பினான்.

அப்புறம் எப்போது பொய்யன் ஆனான்? ஐரோப்பியர்கள் எழுத ஆரம்பித்தபோது. கர்சன் தெரியும்தானே, வங்காளத்தைப் பிரித்த வைஸ்ராய். அவர் இந்தியாவுக்கு வருவதற்கு முன்னால், 1892-ல், பாரசீகத்தைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார், அதில் பாரசீகர்களுக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று தீர்ப்பும் சொன்னார். 1905 பிப்ரவரியில் கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அதே பாட்டை நம்மைப் பார்த்தும் பாடினார்: உண்மையை உயர்வாக மதிப்பது பெரும்பாலும் மேற்கத்திய எண்ணம், கிழக்கில் தந்திரத்துக்குத்தான் மரியாதை என்ற பொருளில். வங்காளம் கொதித்தது. சகோதரி நிவேதிதா சத்தம் போடவில்லை, கர்சன் கொரியாவைப் பற்றி எழுதிய பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தார். கொரிய வெளிவிவகாரத் தலைவர் வயதைக் கேட்டபோது, அங்கே வயதானவர்களுக்குத்தான் மதிப்பு என்பதால், 33 வயதுக்காரரான தான் 40 என்று சொன்னதை அதில் கர்சனே சிரித்துக்கொண்டு எழுதியிருந்தார். அமிர்த பஜார் பத்திரிகை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்தது. ஒரு கூட்டத்தையே பொய்யர் என்று சொல்ல வரும்போதெல்லாம் எனக்கு இந்த 40 வயது கர்சன் ஞாபகத்துக்கு வந்துவிடுவார்.

ஷியாக்களின் தகிய்யாதான் காரணம் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். உயிருக்கு ஆபத்து வரும்போது நம்பிக்கையை மறைத்துக்கொள்ளலாம் என்ற சிறுபான்மையினரின் ஏற்பாடு அது. 1501-ல் ஸஃபவீ ராஜவம்சம் வந்ததிலிருந்து பெரும்பாலும் ஷியாக்களே ஆளும் நாட்டில், எண்ணெய்க் கடைக்காரர் சொல்லும் பொய்க்கு அதை இழுப்பது சோம்பேறித்தனம். விடுங்கள்.

சாவை மறைத்த விஷயத்துக்கு வருகிறேன், அதில்தான் உங்களுக்கு அதிகம் வலித்திருக்கிறது என்று தோன்றுகிறது, ஏனென்றால் போனைக் கையில் கொடுத்து உங்களையும் கூட்டுச் சேர்த்துவிட்டார்கள். ஈரானில் இதற்கு "தொரூகே மஸ்லஹதி" என்று தனிப் பெயரே உண்டு, நலனுக்காகச் சொல்லும் பொய். 1258-ல் ஷிராஸ்காரர் ஸஅதி எழுதிய குலிஸ்தானின் முதல் கதையே இதுதான். மரண தண்டனை பெற்ற கைதி தன் மொழியில் ராஜாவைத் திட்டுகிறான், என்ன சொல்கிறான் என்று ராஜா கேட்கிறார், நல்ல மந்திரி கோபத்தை அடக்குபவர்களைப் புகழ்கிறான் என்று மாற்றிச் சொல்லி உயிரைக் காப்பாற்றுகிறார், இன்னொரு மந்திரி உண்மையைப் போட்டு உடைக்கிறார், அந்த உண்மையைவிட இந்தப் பொய் எனக்குப் பிடித்திருக்கிறது என்கிறார் ராஜா. நம் வள்ளுவர் "பொய்மையும் வாய்மை இடத்த" என்று ஆரம்பித்தாரே, அதேதான். ஆனால் வள்ளுவர் "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று நிபந்தனை போட்டார், ஸஅதி கதையில் ஒரு மனிதனின் கழுத்து பணயத்தில் இருந்தது. இரண்டு ஊரிலும் ஜனங்கள் நிபந்தனையைத் தொலைத்துவிட்டுச் சலுகையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். உங்கள் மாமியாருக்கு அழ வேண்டிய மூன்று வாரம் போய்விட்டது. அது கருணைதான், ஆனால் யார் மேல் கருணை? சொல்ல வேண்டியிருந்தவர்கள் தங்கள் மேல் காட்டிக்கொண்டதும் அதில் பாதி உண்டு. இங்கே ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அப்பாவுக்குச் சொல்லிடாதீங்க டாக்டர் என்று கையைப் பிடிக்கும் மகன்களிடமும் நான் இதையேதான் சொல்கிறேன்.

டிஷ் விஷயம் முற்றிலும் வேறு. காஷான் போயிருப்பீர்கள், அங்கே பழைய வியாபாரி வீடுகளில் பீரூனி என்று விருந்தாளிகளுக்கு ஒரு முற்றம், அந்தரூனி என்று வீட்டாருக்கு உள்ளே இன்னொரு முற்றம். வெளியில் காட்டும் முகமும் உள்ளே வாழும் வாழ்க்கையும் வேறாக இருப்பதில் தப்பொன்றும் இல்லை என்று கட்டடமே சொல்லும். அதுவரைக்கும் சரி. 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு அரசாங்கம் அந்தரூனிக்குள்ளும் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் கதை மாறியது. என்ன குடிக்கிறாய், எந்தச் சேனல் பார்க்கிறாய், தொழுகிறாயா என்று கேட்டார்கள். அரசு வேலைக்குப் போனால் "கொஸினேஷ்" என்ற வடிகட்டல், கொள்கை, தொழுகை, நடத்தை எல்லாம் விசாரிப்பார்கள், நிஜத்தைச் சொன்னால் வேலை இல்லை. டிஷ்ஷுக்கு 1994-லிருந்து தடை. 2016-ல் ஒரு லட்சம் டிஷ்களை உடைத்து விழா எடுத்த அதே நேரத்தில், பண்பாட்டு அமைச்சரே நாட்டில் 70 சதவீதம் பேர் இதைப் பார்க்கிறார்கள் என்று ஒத்துக்கொண்டார். பத்துக்கு ஏழு பேர் குற்றவாளி என்றால் அந்தச் சட்டம் ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுக்காது, முகத்தை மாற்றிக்கொள்ளும் கலையைத்தான் கற்றுக்கொடுக்கும். இணையத்திலும் இதே கூத்து: 2009-ல் ஃபேஸ்புக்கும் ட்விட்டரும், 2018-ல் டெலிகிராம், 2022-ல் இன்ஸ்டாகிராமும் வாட்ஸாப்பும் (வாட்ஸாப்பை மட்டும் 2024 கடைசியில் திறந்தார்கள்) என்று வரிசையாகப் பூட்டினார்கள், பூட்டியவர்களின் அறிக்கைகள் அதே ட்விட்டரில்தான் வந்தன. ஃபில்தர்ஷெகன் (தடையைத் தாண்ட உதவும் VPN) போடாத போன் உங்கள் கட்டடத்தில் எத்தனை இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பெரிய இடத்துப் பொய் சின்ன இடத்துப் பொய்யின் கூச்சத்தைப் போக்கிவிடும். 2020 ஜனவரி 8-ம் தேதி தெஹ்ரானிலிருந்து கீவ் கிளம்பிய விமானம் விழுந்து 176 பேர் இறந்தபோது தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள், ஏவுகணை என்றவர்களை எதிரியின் பிரச்சாரம் என்றார்கள், மூன்றாம் நாள் நாங்கள்தான் தவறுதலாகச் சுட்டோம் என்றார்கள். அந்த வாரத்தில் அரசுத் தொலைக்காட்சியின் முன்னாள் அறிவிப்பாளர் ஒருவர், 13 வருடம் உங்களிடம் பொய் சொன்னதற்கு மன்னியுங்கள் என்று மக்களைப் பார்த்து எழுதினார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு எண்ணெய்க் கடைக்காரரிடம் நீ மட்டும் ஏன் உண்மை பேசவில்லை என்று கேட்டால் என்ன சொல்வார்?

அந்தக் கடைக்காரரை நான் நியாயப்படுத்தவில்லை. அவர் கணக்கைச் சொல்கிறேன். புரட்சி சமயத்தில் டாலருக்கு 70 ரியால், 2015-ல் முப்பதாயிரத்துச் சொச்சம், 2025-ல் பத்து லட்சம் தாண்டியது. இன்றைக்கு விற்றால் அந்தக் காசில் நாளைக்குச் சரக்கு வாங்க முடியாது, அதனால் "நதாரீம்" என்கிறார், இல்லை என்று. 2018-ல் அரசு 4,200 தோமானுக்கு (ஒரு தோமான் பத்து ரியால்) மலிவு டாலர் கொடுத்தது, ஆள் தெரிந்தவர்கள் அதை வாங்கி இறக்குமதி செய்த சரக்கைச் சந்தை விலைக்கு விற்றார்கள், ஆள் தெரியாதவர்கள் வரிசையில் நின்றார்கள். இப்படிப்பட்ட இடத்தில் "ஸெரங்கி" என்ற வார்த்தைக்கு மவுசு கூடத்தான் செய்யும். கெட்டிக்காரத்தனம் என்று பெயர்க்கலாம், ஆனால் சரியான தமிழ் "பிழைக்கத் தெரிந்தவன்". நாமும் இதைப் பாராட்டாகத்தானே சொல்கிறோம்? சட்டப்படி நடப்பவன் பிழைக்கத் தெரியாதவன், அங்கே "ஸாதே", அப்பாவி. நாணயமாக இருப்பதற்குத் தண்டனையும் தில்லுமுல்லுக்குச் சம்பளமும் கிடைத்துக்கொண்டே இருந்தால் ஒரு தலைமுறை போதும், எந்த ஊராக இருந்தாலும். எனக்குத் தெரிந்து இந்த ஸெரங்கியை ஈரானியர்கள் திட்டுகிற அளவுக்கு வெளியாள் யாரும் திட்டியதில்லை, எந்த டாக்ஸியில் ஏறினாலும் "நாங்கள் ஏன் இப்படி ஆகிவிட்டோம்" என்ற புலம்பல் இலவசம். அந்தப் புலம்பல் இருக்கிறவரைக்கும் அது ரத்தம் ஆகிவிடவில்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்குள் இருக்கும் கடிதம். நான்கு பக்கத்தில் கணவரின் சம்பளத்துக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதுவும் எண்ணெய்க்கும் பல்லுக்கும் நடுவில். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன் சகோதரி, இப்படிப் புதைத்து எழுதுகிற வரிதான் பெரும்பாலும் கடிதம். மற்ற பொய்களைப் பற்றி எழுதும்போது உங்களுக்குக் கோபம் இருக்கிறது, இந்த வரியில் கோபமே இல்லை, பயந்த மாதிரி இருக்கிறது.

"ஆபெரூ" என்று அடிக்கடி காதில் விழுந்திருக்கும், சொல்லைப் பிரித்தால் முகத்தின் நீர். மானம், மரியாதை, நாலு பேர் பார்வை எல்லாம் சேர்ந்தது. அங்கே ஒரு சொலவடையும் உண்டு, கன்னத்தில் அறைந்து அறைந்து முகத்தைச் சிவப்பாக வைத்திருக்கிறான் என்று. வீட்டில் அடுப்பு எரியவில்லை, ஆனால் நன்றாகச் சாப்பிட்ட முகம்போல் தெரிய வேண்டும், அதற்காகத் தன்னையே அறைந்துகொள்வது. மூன்று மாதமாக உங்கள் கணவர் காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு போய், சாயங்காலம் ரொட்டியும் கையுமாக வந்திருக்கிறார், இல்லையா? அறைந்துகொண்டுதான் வந்திருக்கிறார். வெளியே காப்பாற்ற வேண்டிய முகத்தை உங்கள் முன்னாலும் கழற்றவில்லை, அதாவது அந்தரூனியிலும் பீரூனி வந்துவிட்டது. மாமியாருடைய உபசாரம், டிஷ், கடைக்காரர் எல்லாம் உங்கள் வீட்டுக்கு வெளியில் நடப்பவை, இது ஒன்றுதான் உள்ளே நடந்திருக்கிறது. இதற்கு அவர் பிறந்த நாடு காரணம் என்று நான் சொல்லித் தப்ப விடமாட்டேன், அவர் செய்தது தப்புதான். ஆனால் உங்களை ஏமாற்றிக் காசு பார்க்க இதைச் செய்யவில்லை என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

பேசும்போது மாமியார் பக்கத்தில் இருக்கக்கூடாது, மகள் தூங்கியிருக்க வேண்டும். ஏன் பொய் சொன்னாய் என்று தொடங்கினால் உங்களுக்கு இன்னொரு பொய்தான் பதிலாக வரும், அவருக்கு அங்கே வேறு கதவு இல்லை. கணக்கிலிருந்து தொடங்குங்கள். வாடகை எத்தனை மாதம் பாக்கி, ரஹ்ன் என்று மாமியாரிடம் கொடுத்து வைத்த முன்பணத்திலிருந்து ஏதாவது திருப்பி வாங்கிச் செலவாகியிருக்கிறதா, யாரிடமாவது கடன் வாங்கியிருக்கிறாரா, கம்பெனி கைவிரித்துவிட்டதா இல்லை இழுத்தடிக்கிறதா. எண்களைக் கேளுங்கள், எண்ணைச் சொல்வதில் மானம் போகாது. இதில் ஒன்றை அவர் மழுப்பினால், குறிப்பாகக் கடனை, விடாதீர்கள், அடுத்த நாள் திரும்பக் கேளுங்கள். கடன் பெரியதாக இருந்து அதையும் மறைத்திருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது என் ஆலோசனை இவ்வளவு மெதுவாக இருக்காது.

மகளைப் பற்றி. பள்ளிச் சுவரில் "தொரூகூ தொஷ்மனே கொதாஸ்த்", பொய்யன் கடவுளின் எதிரி என்று படிக்கிறாள், வீட்டில் பாட்டி டிஷ் இல்லை என்று சொல்லச் சொல்கிறார். இரண்டையும் ஒரு ஏழு வயதுத் தலைக்குள் வைத்தால் முட்டத்தான் செய்யும். பாட்டியின் பயம் நிஜமானது, அதில் சண்டை போடாதீர்கள். ஆனால் இல்லை என்று சொல்லச் சொல்வதற்குப் பதில், "எனக்குத் தெரியாது, அம்மாவிடம் கேளுங்கள்" என்று அவள் வாயில் போடுங்கள், வீட்டு விஷயம் வீட்டோடு என்றால் குழந்தைக்குப் புரியும், பொய் சொல் என்றால்தான் குழம்பும். அம்மாவிடம் மட்டும் எதையும் சொல்லலாம், சொன்னால் அடி விழாது என்பதை அவளுக்கு நம்ப வைக்க ஒரே வழி, சொன்னபோது அடிக்காமல் இருப்பது. பல்லில் தொடங்கலாம். தேய்த்தாயா என்று கேட்காதீர்கள், பிரஷ்ஷை எடு, நானும் தேய்க்கிறேன் என்று கூடப் போய் நில்லுங்கள்.

கணவரிடம் பேச முதல் வார்த்தை வராமல் திணறினால், அந்த ஊரிலேயே அதற்கு ஒரு சாவி இருக்கிறது. "பீ தஆரோஃப்" என்பார்கள், உபசாரத்தை விட்டுவிட்டுப் பேசுகிறேன் என்று பொருள். அது வந்துவிட்டால் அடுத்தது நிஜம் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு, அவருடைய மூன்று மாதத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், உங்கள் அம்மாவிடம் வாரா வாரம் போனில் நீங்கள் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை முதலில் அவருக்குச் சொல்லுங்கள்.